தணலை மறுநாள் காலை வரை காப்பாற்றுவது எப்படி

சேலம் அஸ்தம்பட்டியில் தள்ளுவண்டி போட்டு 22 ஆண்டுகளாகத் துணி தேய்த்துக் கொடுக்கிறேன். என் பித்தளைப் பெட்டி 7 கிலோ எடை. அதற்குத் தீனி கரிதான். தணலைப் பேணும் வித்தையை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அம்மா. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தோம். ஐப்பசி பிறந்தால் மேகம் வாசல் வழியே வீட்டுக்குள் வரும். தீப்பெட்டி நமுத்துப் போகும். பத்துக் குச்சி கிழித்தாலும் மருந்து உதிருமே தவிரப் பற்றாது. ஆனாலும் எங்கள் அடுப்பு ஒரு விடியற்காலையும் எரியாமல் இருந்ததில்லை. இரவில் அம்மா தணலை மூடிவைப்பார். அந்த முறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விறகில் தொடங்க வேண்டும். கவாத்து செய்த காப்பிக் கட்டை, புளி, வேலம் போன்ற வைரம் பாய்ந்த மரம் கெட்டியான கங்கு தரும். சில்வர் ஓக் மளமளவென்று எரிந்து சாம்பலாகிவிடும். சோறு பொங்க ஆகும், தணலுக்கு ஆகாது. சமையல் முடிந்ததும் அவசரப்பட்டு மூடாதீர்கள். சுடர் முழுவதும் அடங்கட்டும், கடைசிப் புகையும் போகட்டும். பிறகு கங்குகளை ஒன்றோடொன்று ஒட்டிக் கூட்டுங்கள். தனியாகக் கிடக்கும் கங்கு அரை மணி நேரத்தில் கறுத்துவிடும். அம்மா முழங்கை நீளக் காப்பிக் கட்டை ஒன்றின் எரிந்த முனையை அந்தக் குவியலுக்குள் செருகி வைப்பார். மேலே சலித்த சாம்பலை நான்கு விரற்கடை உயரத்துக்குப் போட்டு, கரண்டியின் முதுகால் இலேசாகத் தட்டிவிடுவார். சாம்பல் காய்ந்து மாவுபோல் இருக்க வேண்டும். ஈரச் சாம்பல் தணலைக் கொன்றுவிடும்.

சாம்பல் இரண்டு வேலை செய்கிறது. காற்று உள்ளே போவதைக் குறைப்பதால் கரி மெல்ல மெல்லத்தான் எரிகிறது. சூடு வெளியே போகாமலும் தடுக்கிறது. நீறு பூத்த நெருப்பு என்று மனிதர்களைச் சொல்கிறோமே, அது அடுப்பங்கரையில் தினமும் பார்த்த காட்சியிலிருந்து வந்த சொல்.

காலையில் சாம்பலை மேலிருந்து கிளறக் கூடாது. பக்கவாட்டில் ஒதுக்குங்கள். ஒரு கைப்பிடித் தேங்காய் நாரைப் பஞ்சுபோல் பிரித்து, சிவந்த கங்கின்மேல் வைத்து, ஊதாங்குழலால் ஊதுங்கள். வேகமாக ஊதினால் சாம்பல் கண்ணில் விழும், நார் பறந்துவிடும். நீளமாக, மெதுவாக ஒரே மூச்சு. முதலில் நாரின் ஓரம் மஞ்சளாகும், பிறகு ஒரு புள்ளி சிவக்கும், வெள்ளைப் புகை ஒரு நூல்போல் எழும். அந்த நேரம் அடுத்த மூச்சை விடுங்கள். குப்பென்று சுடர் வரும்.

இந்தப் பழக்கத்தின் வயது எனக்கு எப்போதும் வியப்பு. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய நெருப்பின் சாம்பல் கிடைத்திருக்கிறது. 1991இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுத்த, 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட மனிதனிடம் பூர்ச்ச மரப்பட்டைக் கலயம் ஒன்று இருந்தது. அதற்குள் இலைகளும் கரித்துணுக்குகளும். கங்குகளை இலையில் பொதிந்து கையோடு கொண்டுபோயிருக்கிறான். எங்கள் சேலத்துக்குப் பக்கத்தில் தகடூரை (இன்றைய தருமபுரி) ஆண்ட அதியமானை ஔவையார் பாடும்போது, வீட்டுக் கூரையின் இறவாணத்தில் செருகிவைத்த தீக்கடைகோலுக்கு ஒப்பிடுகிறார்: வெளியே தெரியாமல் இருக்கவும் தெரியும், வேண்டும்போது எரியவும் தெரியும். உரசினால் பற்றும் தீக்குச்சி கடைக்கு வந்ததே 1827இல், இங்கிலாந்தில். அதுவரை உலகம் முழுவதும் அணையாமல் காத்த நெருப்புக்குப் பெரிய மதிப்பு இருந்திருக்கும்.

இனி கரி. வாங்கும்போது இரண்டு துண்டுகளைத் தட்டிப் பாருங்கள். கிண்ணென்று ஒலித்தால் நன்றாக வெந்தது. மொத்தென்று கேட்டால் உள்ளே இன்னும் மரம் இருக்கிறது, புகையும், பொரியும். பொரி ஒன்று தெறித்தால் பட்டுப்புடவையில் மிளகளவு ஓட்டை. நான் ஒருமுறை ஒரு கல்யாணப் புடவைக்குப் பணம் கட்டியிருக்கிறேன். அன்றிலிருந்து கொட்டாங்குச்சிக் கரி மட்டுந்தான்.

கரியைப் பெட்டிக்குள் வைத்துப் பற்றவைக்காதீர்கள். வெளியே ஓட்டை போட்ட தகர டப்பாவில் மூட்டி, மேலே சாம்பல் நிறப் படலம் படர்ந்த பிறகு மாற்றுங்கள். அடிப்பாகத்தை ஈரத்துணியில் ஒரு இழுப்பு இழுத்தால் ஒட்டிய கரித்தூள் போகும், சூடும் தெரியும். புதுத் தணல் போட்ட பெட்டியில் கஞ்சி போட்ட வேட்டியும் பருத்திச் சட்டையும், சூடு இறங்கிய பிறகு பட்டு, கடைசியில் பாலியஸ்டர். இந்த வரிசையை மாற்றினால் துணி சுருங்கும்.

காற்றுக் கொடுத்தால் கரி எவ்வளவு சூடாகும் என்பதைச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதைக் கரி உலையிலும் துருத்தியிலும் சாதித்தவர்கள் நம் கொலுசுப் பட்டறைக்காரர்கள். 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், இங்கே உருக்கு செய்த முறையை எழுதிவைத்திருக்கிறார்: இரும்புத் துண்டோடு ஆவாரங்கட்டையை மூசையில் (உலோகம் உருக்கும் மண்கலத்தில்) அடைத்து, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் பூசிக் கரி உலையில் வைப்பார்கள். காட்டில் பூத்துக் கிடக்கும் ஆவாரை, இரும்பை உருக்காக்கியிருக்கிறது!

ஒரு எச்சரிக்கையை அழுத்தமாகச் சொல்கிறேன். தணலில் புகை இல்லை என்பதால் தீங்கில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மார்கழி இரவில் என் சித்தப்பா மகன் குமுட்டி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவு சன்னல் எல்லாம் அடைத்துப் படுத்துவிட்டான். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிய சித்தி கதவைத் திறந்ததால் பிழைத்தான். எழுந்து நிற்க முடியவில்லை, தலை வெடிப்பதுபோல் வலி, வாந்தி. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர் காய்வதானால் திறந்த இடத்தில் காயுங்கள். தூங்கும் அறைக்குள் தணல் வேண்டவே வேண்டாம். மூடிவைக்கும் அடுப்பும் காற்றோட்டமான இடத்தில், கூரைக்கும் துணிக்கும் எட்டாமல் இருக்கட்டும்.

கடை கட்டும்போது மீந்த தணலைக் குப்பைத்தொட்டியில் கொட்டாதீர்கள். சாம்பல் மேலே குளிர்ந்திருக்கும், உள்ளே கங்கு விழித்திருக்கும். நான் தண்ணீர் ஊற்றி, கரண்டியால் கிளறி, மறுபடியும் ஊற்றுவேன். தண்ணீர் படாத பழைய சாம்பலை மட்டும் சலித்து ஒரு டப்பாவில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். நாளை இரவு தணலை மூட அது வேண்டும்.