அவசரத்துக்கென்று வைத்த தோட்டா: வைப்பதிலும் எடுத்துப்போவதிலும் நடக்கும் தவறுகள்

லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர், புயலோ வெள்ளமோ கலவரமோ வந்தால் இருக்கட்டும் என்று கொஞ்சம் தோட்டாவும் கூடுதலாக வாங்கி வைக்கிறார். என்ன ரகம், எந்தக் கம்பெனி என்று பத்துப் பேரிடம் விசாரித்துத்தான் வாங்குகிறார். வாங்கிய பிறகு பெட்டி பரணுக்குப் போகிறது, இல்லையென்றால் கார் டிக்கிக்கு. அத்தோடு மறந்தும் விடுகிறார். திறக்கும் நாள் வரும்போது சிலது சுடுகிறது, சிலது சுடவில்லை. எது சுடும் என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். அவசரத்துக்கு நம்பி வைத்த பொருளுக்கு இதைவிட மோசமான குணம் இருக்க முடியாது.

சரியாக வைத்திருந்தால் தொழிற்சாலைத் தோட்டா பல பத்தாண்டுகள் தாங்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செய்தவற்றில் நன்றாகப் பாதுகாக்கப்பட்டவை இன்றும் சுடுகின்றன. அதனால் பெட்டியின் மேல் இருக்கும் வருடத்தைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, பெட்டி எங்கே இருந்தது என்று கேட்பதுதான் பயன்.

ஒரு தோட்டாவில் நான்கு சாமான்கள்: பித்தளை உறை, அடியில் பொட்டு மாதிரி பதித்த, ஊசி அடித்ததும் பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே பவுடர், முன்னால் குண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எதிரி உண்டு. பவுடருக்கு எதிரி வெப்பம். 1884-இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லாத பவுடரை உருவாக்கிய நாளிலிருந்து அதன் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ்தான். இது சும்மா இருக்கும்போதே மெதுவாகச் சிதைந்து அமில வாயுவை விடும் பொருள். அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அதை உறிஞ்சிக்கொள்ள டைஃபீனைலமின் மாதிரி ஒரு நிலைப்படுத்தியைக் கொஞ்சம் கலந்திருப்பார்கள். அது தீரும் வரை பவுடர் பத்திரம். வெப்பம் கூடக் கூட அது சீக்கிரம் தீரும்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் 60 டிகிரி செல்சியஸைத் தொடுவது அபூர்வம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரணும் அதற்கு இளைத்ததல்ல. அந்தச் சூட்டில் தோட்டா தானாக வெடித்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பவுடர் தானாகப் பற்றிக்கொள்ள 150 டிகிரிக்கும் மேல் வேண்டும். ஒரு நாள் டிக்கியில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. வருடக்கணக்கில் அங்கேயே குடியிருப்பதுதான் தவறு. வீட்டுக்குள், தரையை ஒட்டிய அலமாரி, வெளிச்சுவரில் சாயாத மூலை, பகலிலும் இரவிலும் பெரிதாகச் சூடு மாறாத இடம் போதும். தோட்டாவைத் தானே நிரப்புகிறவர்கள் பவுடர் டப்பாவைத் திறக்கும்போது முகர்ந்து பார்ப்பது வழக்கம். புளித்த, மூக்கைக் குத்துகிற நெடியோ செங்கல் நிறத் தூசியோ தெரிந்தால் அந்த டப்பா முடிந்தது.

அடுத்தது ஈரம். இதில்தான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே கெடுதல் செய்கிறோம். ரப்பர் வளையம் வைத்த இரும்புப் பெட்டி வாங்கினால் வெளி ஈரம் உள்ளே போகாது என்று எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே போகாது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. மழை நாளில், காற்றெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும்போது மூடிய பெட்டி அந்த மழைக்காலத்தையே உள்ளே பூட்டி வைத்திருக்கிறது. இரவில் இரும்பு குளிர்ந்ததும் அந்த ஈரம் துளியாகப் பித்தளை மேல் உட்காரும். வறண்ட நாளாகப் பார்த்து மூடுங்கள். கூடவே சிலிக்கா ஜெல் பை போடுங்கள். போட்டதோடு விட்டுவிடவும் கூடாது: ஊறி நிறைந்துபோன சிலிக்கா ஜெல் வெறும் மணல் மாதிரிதான். நிறம் மாறும் ரகமாக வாங்கினால் பார்த்ததும் தெரியும். நீலம் இளஞ்சிவப்பானாலோ, ஆரஞ்சு பச்சையானாலோ, தனியாக எடுத்து ஓவன் அடுப்பில் 120 டிகிரி செல்சியஸ் அளவில் ஓரிரு மணி நேரம் காயவைத்தால் மறுபடி வேலை செய்யும்.

ரப்பர் வளையத்தை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ, அழுத்தினால் திரும்பி எழாத பள்ளமோ இருந்தால் அந்தப் பெட்டி வெறும் தகர டப்பாதான். பெட்டியை சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் அடியில் ஒரு மரப்பலகை போடுங்கள். குளிரான இடத்திலிருந்து சூடான அறைக்குக் கொண்டுவந்தால் உடனே திறக்காமல், பெட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த சோடா பாட்டில் வேர்ப்பது மாதிரி தோட்டாவும் வேர்க்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தோல் பெல்ட்டில் வரிசையாகச் செருகிய தோட்டாக்களை அப்படியே ஆணியில் மாட்டி வைத்திருந்தார். பார்க்க அழகுதான். ஒன்றை உருவ முயன்றபோது வரவில்லை. திருகித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தோல் பட்ட இடத்தில் மட்டும் மோதிரம் போட்டது போல் பச்சைக் களிம்பு, நகத்தால் சுரண்டினால் உதிர்ந்து, அடியில் பித்தளை பொரிந்திருந்தது. தோலைப் பதப்படுத்தும் சரக்கில் அமிலம் மிச்சம் இருக்கும், தோல் ஈரத்தையும் இழுக்கும். தோல் பெல்ட் ஒரு நாள் வேட்டைக்கோ பயிற்சிக்கோ சரி, குடித்தனத்துக்கு உதவாது.

பித்தளைக்கு இன்னொரு எதிரி அம்மோனியா. இது கண்டுபிடிக்கப்பட்ட கதை விசித்திரமானது. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் உறைகள் தானாகவே விரிசல் விட்டிருந்தன. அடித்தவரும் இல்லை, விழவும் இல்லை. அதற்குப் பருவ விரிசல் என்ற அர்த்தத்தில் ஒரு பெயரும் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியா, இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் ஏற்கெனவே இருந்த இறுக்கத்தோடு சேர்ந்து உறையைப் பிளக்கிறது என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. இன்று லாயம் இல்லாவிட்டாலும், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம், உர மூட்டை, கோழிக் கொட்டகை, பூனையின் மணல் தட்டு எல்லாம் இருக்கின்றன. தோட்டாவைப் பளபளப்பாக்க அம்மோனியா உள்ள பாலிஷ் போட்டுத் தேய்ப்பதும் இதே கணக்குதான். கொஞ்சம் மங்கிய பித்தளையால் ஒரு தொந்தரவும் இல்லை, அப்படியே விடுங்கள்.

துருப்பிடிக்கக் கூடாதென்று எண்ணெய் தெளிப்பவர்களும் உண்டு. துருவை இளக்கும் எண்ணெய் நுண்ணிய இடுக்கில் ஊர்ந்து போவதற்கென்றே செய்தது. பிரைமரைச் சுற்றிய இடுக்கும் அதற்கு ஒரு வழிதான். உள்ளே இறங்கினால் பிரைமர் ஊமையாகிவிடும். துப்பாக்கிக்கு எண்ணெய், தோட்டாவுக்கு உலர்ந்த துணி.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் தோட்டாவைக் கெடுக்கும் தவறுகள். சுடுகிறவரைக் கெடுக்கும் தவறு வேறு: கலந்து கொட்டி வைப்பது. இடம் மிச்சமாகிறது என்று அட்டைப் பெட்டிகளைக் கிழித்துப் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டுகிறார்கள். சிறு குண்டுகளைச் சிதறச் சுடும் ஷாட்கன்னில் இது எப்படி முடியும் என்று பாருங்கள். கேஜ் என்பது குழலின் அளவு, எண் கூடினால் அளவு குறையும்; அதனால் 20 கேஜ் தோட்டா 12 கேஜைவிடச் சின்னது. அவசரத்தில் அதை 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் தோட்டா உட்காரும் அறையில் நிற்காது, வழுக்கிக் குழலுக்குள் கொஞ்ச தூரம் போய் அடைத்துக்கொள்ளும். விசையை இழுத்தால் ஒன்றும் நடக்காது. தோட்டா போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து சுடுகிறவர் சரியான 12 கேஜ் ஒன்றைப் போட்டுச் சுடுவார். குழல் இடது கை பிடித்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் என்ற வழக்கம் வந்ததே இதற்காகத்தான். ஆனால் இருட்டில், கரண்ட் போன வீட்டில், மஞ்சள் எங்கே தெரியப்போகிறது? ரைஃபிளிலும் இப்படி உண்டு: 300 பிளாக்அவுட் என்ற ரகத் தோட்டா, .223 என்ற வேறு ரகத்துக்கான ரைஃபிளின் அறைக்குள் சில சமயம் உட்கார்ந்துவிடும், குண்டோ குழலைவிடத் தடிமன். சுட்டால் துப்பாக்கி சிதறும்.

அதனால் ஒரு டப்பாவில் ஒரே ரகம். டப்பாவின் மூடியில் மட்டும் எழுதாமல் பக்கவாட்டிலும் எழுதுங்கள், மூடி மாறிப்போகும். கம்பெனி அட்டைப் பெட்டியோடு வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தோட்டாவின் அடியில் கம்பெனி முத்திரையும் ரகமும் இருக்கும், தயாரிப்புத் தொகுதி எண் அட்டையில்தான் இருக்கும். ஒரு தொகுதியில் பழுது என்று கம்பெனி திரும்பக் கேட்டால், அட்டையைத் தூக்கிப் போட்டவர் தன்னிடம் இருப்பது அதுவா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதில் சினிமா நம்மை நன்றாகக் குழப்பி வைத்திருக்கிறது. வெளியே கிடக்கும் தோட்டா நெருப்பில் வெடித்தால் குண்டு துப்பாக்கியிலிருந்து போவது போலப் பாயாது. அதை அடக்கிப் பிடிக்க அறை இல்லாததால் லேசான பித்தளை உறைதான் கிழிந்து பறக்கும். கண்ணுக்கும் தோலுக்கும் ஆபத்து, அவ்வளவே. நிரப்பி வைத்த துப்பாக்கி நெருப்பில் கிடந்தால் கதையே வேறு, அது நிஜமாகவே சுடும். அப்புறம், தனிப் பவுடர் டப்பாக்களைக் காற்றுப் புகாத கனமான இரும்புப் பெட்டகத்தில் பூட்டுவது பத்திரம் மாதிரித் தெரியும். பவுடர் திறந்த இடத்தில் வேகமாக எரியும், அவ்வளவுதான். அடைத்த இரும்புக்குள் எரிந்தால் அழுத்தம் ஏறி அந்தப் பெட்டகமே வெடிகுண்டாகும். பவுடருக்கு ஓர் அங்குலப் பலகையில் செய்த மரப்பெட்டியைச் சொல்வது இதனால்தான். மரம் சூட்டைத் தடுக்கும், அழுத்தம் ஏறும் முன்னே பிரிந்தும் கொடுக்கும். தீயணைப்பு வீரர்கள் வந்தால் முதல் வேலையாக எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

உணவுப் பொருள் இருக்கும் அலமாரியிலேயே தோட்டாவையும் வைக்காதீர்கள். பெரும்பாலான குண்டுகளிலும் பிரைமர்களிலும் ஈயம் இருக்கிறது. தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. துப்பாக்கி ஒரு பூட்டு, தோட்டா வேறொரு பூட்டு, இரண்டு சாவியும் குழந்தைகளுக்கு எட்டாமல். இதற்கு விளக்கம் தேவையில்லை.

தினமும் துப்பாக்கியை நிரப்பி, இரவில் எடுத்து, காலையில் அதே தோட்டாவை மறுபடி போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறைக்குள் ஒவ்வொரு முறை தள்ளும்போதும் குண்டு உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கலாம். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், குள்ளமாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். பயிற்சிக்குப் போகும்போது பழையதை எடுத்துச் சுட்டு, புதியதைப் பின்னால் அடுக்கினால் கையிருப்பு தானாகவே புதுப்பிக்கப்படும்.

இனி எடுத்துப்போவது. வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய நாளில்தான் பலருக்கு எடை உறைக்கிறது. 9 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் 12 கிராம், ஆயிரம் என்றால் 12 கிலோ. 12 கேஜ் தோட்டா 250 எடுத்தாலே ஏறக்குறைய அதே எடை. எல்லாவற்றையும் ஒரே பெரிய டிரங்கில் அடுக்கியவரால் அதை நகர்த்தவே முடியாது. ஒரு கையால் தூக்கக்கூடிய சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒருமுறை மாடியிலிருந்து இறக்கியும் பாருங்கள். அந்த 12 கிலோ தண்ணீராக இருந்தால் யாருக்கு உதவும் என்ற கேள்வியையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர்தான் முதலில்.

வண்டியில் கொண்டுபோகும்போது பெட்டி உருளாதபடி கட்டியிருக்க வேண்டும், துப்பாக்கி காலியாகவும் தனியாகவும் இருக்க வேண்டும், லைசென்ஸ் அசல் கையோடு வர வேண்டும். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், எல்லை தாண்டலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அவசர காலம் என்பதற்காகச் சட்டம் விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை, சொல்லப்போனால் அப்போதுதான் சோதனைச் சாவடிகள் அதிகம். சாதாரணத் தபாலில் அனுப்பும் பேச்சே வேண்டாம்.

விமானத்தில் பயணிகள் கையோடு கொண்டுபோகும் பையில் தோட்டாவுக்கு இடமே இல்லை. சரக்கில் போகும் பெட்டியில், விமான நிறுவனம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், ஒருவருக்கு 5 கிலோ வரை என்பது சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கமான ஐ.ஏ.டி.ஏ.வின் விதி. அதுவும் 1.4எஸ் (வெடிபொருள்களில் ஆபத்து குறைந்த பிரிவு) வகைச் சிறு துப்பாக்கித் தோட்டா மட்டும், வெடிக்கும் குண்டோ தீ வைக்கும் குண்டோ கூடாது. இதைவிடப் பெரிய தலைவலி மறந்துபோன ஒற்றைத் தோட்டா. பயிற்சிக்குக் கொண்டுபோன அதே தோள்பையில் துணி அடுக்கிக்கொண்டு விமான நிலையம் போவார்கள், எக்ஸ்ரேயில் பக்கப் பையின் மூலையில் ஒன்று பளிச்சென்று தெரியும். பயணம் அங்கேயே நின்றுவிடும். தோட்டாவுக்கு வைத்த பையை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

வெள்ளத்தில் மூழ்கியதைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவதும் வேண்டாம். மேலே உலர்ந்தாலும் உள்ளே நமுத்திருக்கும். அப்படி ஒன்று டமாரென்று கேட்காமல் புஸ்ஸென்று போனால் குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம், அடுத்ததைச் சுடுவது தற்கொலை. ஒன்றுமே கேட்காவிட்டால் குழலைப் பத்திரமான திசையிலேயே வைத்து அரை நிமிடமாவது காத்திருங்கள், தாமதமாகப் பற்றுவதும் உண்டு. மூழ்கியது, களிம்பு அரித்தது, உறை விரிசல் விட்டது எல்லாவற்றையும் தனி டப்பாவில் போட்டு, மேலே எழுதி, லைசென்ஸ் உள்ள கடைக்காரரிடமோ காவல் நிலையத்திலோ முதலில் போனில் கேட்டுவிட்டு ஒப்படையுங்கள். எரிப்பதும் குப்பையில் போடுவதும் குளத்தில் வீசுவதும் கூடாது. கொல்லையில் புதைப்பதும்தான், புதைத்தவருக்கு இடம் மறந்துபோயிருக்கும், பின்னாளில் மண்வெட்டியோடு வருபவருக்கு அங்கே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.