ஸ்பிட்டிக்குச் சுற்றுவழியில் ஏறுங்கள்

இமாச்சலப் பிரதேசத்தில், ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கின் முக்கிய ஊர், ஸ்பிட்டி ஆற்றங்கரையில் இருக்கிற காஸா. அங்கே போக இரண்டு சாலைகள். மனாலியிலிருந்து குன்சும் கணவாய் தாண்டிப் போவது ஒன்று. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சுற்றிப் போவது இன்னொன்று. மனாலிச் சாலை ஏறத்தாழ பாதித் தூரம்தான் என்பதால் டிராவல்ஸ்காரர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால், கின்னௌர் வழியாக ஏறி மனாலி வழியாக இறங்குங்கள்.

காரணம் உயரம். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். காஸா ஏறக்குறைய 3,650. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. மனாலியில் காலையில் வண்டி ஏறினால், 4,500 மீட்டருக்கு மேலுள்ள கணவாயைக் கடந்து அன்று மாலையே காஸாவில் இறங்கிவிடுவீர்கள். உடம்புக்கு அது பிடிபடாது. என் நாத்தனார் குடும்பம் அப்படித்தான் போனது. பணம் கட்டிப் பதிவு செய்த அறையில் தலைவலியும் வாந்தியுமாகப் படுத்திருந்துவிட்டு, பார்க்க வேண்டியதில் பாதியைப் பார்க்காமல் திரும்பினார்கள்.

டெல்லி வரை ரயில், அங்கிருந்து கால்கா. கால்காவிலிருந்து சிம்லாவுக்கு 1903இல் திறந்த சின்ன ரயில்பாதை இருக்கிறது. 96 கிலோமீட்டர், நிதானமாக ஏறும். சிம்லா கிட்டத்தட்ட ஊட்டி உயரம். அங்கே ஓர் இரவு. அடுத்து கின்னௌர் மாவட்டத் தலைநகரான ரெகாங் பியோ. பியோவிலேயே தங்காமல் மேலே கல்பாவுக்குப் போய்விடுங்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரே கின்னௌர் கைலாச மலை. இங்கே இரண்டு இரவு தங்கினால் நல்லது. பியோவிலிருந்து காஸாவுக்குக் காலையில் அரசுப் பேருந்து கிளம்பும். டிக்கெட்டை முந்தின நாளே விசாரித்துவிடுங்கள்; ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் அவ்வளவு நேரம் உட்கார்ந்து போவதில் அர்த்தமே இல்லை.

ஆனால் நேரே காஸா போகாமல் தாபோவில் இறங்குங்கள். அது 3,280 மீட்டர். அங்கே ஓர் இரவு தூங்கினால் காஸா சுலபமாகிவிடும். தாபோ மடாலயம் கி.பி. 996இல் கட்டியது. வெளியே பார்த்தால் வெறும் மண் சுவர்; இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று தோன்றும். உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகும் வரை பொறுங்கள். சுவர் முழுக்க ஓவியம், அதற்கு மேலே சுதைச் சிற்பங்கள். படம் எடுக்க விடமாட்டார்கள், நல்லதுதான். ஒரு டார்ச் கொண்டுபோங்கள். உள்ளே இருக்கும் துறவியிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

காஸாவில் முதல் நாள் ஒன்றும் செய்யாதீர்கள். கடைத்தெருவில் மெதுவாக நடங்கள், துக்பா என்கிற நூடுல்ஸ் சூப் சாப்பிடுங்கள், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். மது வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம். லேசான தலைவலி வந்தால் அதே இடத்தில் ஓய்வெடுங்கள். அது தீரும் வரை மேலே ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள், தாமதிக்காமல் கீழே இறங்குங்கள். உயர நோய்க்கு முன்கூட்டியே போடும் மாத்திரை உண்டு. அதை ஊரிலேயே உங்கள் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் அதையும் சொல்லுங்கள்.

மறுநாளிலிருந்து மேலே உள்ள கிராமங்கள். கீ மடாலயம், கிப்பர், சிச்சம் பாலம் ஒரு பக்கம். லாங்சா, ஹிக்கிம், கோமிக் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே நாளில் திணிக்கும் டாக்ஸிக்காரர்கள் உண்டு, ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹிக்கிமில் ஏறக்குறைய 4,400 மீட்டர் உயரத்தில் ஒரு தபால் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து எல்லாரும் அட்டை அனுப்புவார்கள், நீங்களும் அனுப்புவீர்கள். முகவரியைக் காஸாவிலேயே எழுதிக்கொண்டு போங்கள். மேலே காற்றில் விரல் விறைத்துவிடும். லாங்சாவில் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கும். இமயம் எழும்புவதற்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. பையன்கள் விற்க வருவார்கள், வாங்காதீர்கள். மணிச்சக்கரம் (மந்திரம் பொறித்த, கையால் சுழற்றும் உருளை), ஸ்தூபி எதுவானாலும் நம் கோயிலில் போலவே வலமாகச் சுற்ற வேண்டும். அதில் நமக்குச் சிரமமில்லை.

சாப்பாடு: காஸா உயரத்தில் தண்ணீர் 88 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் சோறு வேகாது. என் வீட்டுக்காரர் பருப்புப்பொடி எடுத்து வந்து ஹோம்ஸ்டே அம்மாவுக்கும் பரிமாறினார். அந்த அம்மா அதை சாம்பா என்கிற வறுத்த பார்லி மாவில் பிசைந்து சாப்பிட்டார். கிராம வீடுகளில் உலர் கழிப்பறைதான் இருக்கும். போய் முடித்ததும் ஓரத்தில் குவித்திருக்கும் மண்ணை மண்வெட்டியால் தள்ளிவிட வேண்டும். பிறகு அது வயலுக்கு உரமாகப் போகிறது. முகம் சுளிக்காதீர்கள், அந்தக் குளிரில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும்.

ரொக்கம் கையில் இருக்கட்டும். சிக்னல் போனால் போனில் பணம் அனுப்பும் வேலையும் நின்றுவிடும். மாதம் என்றால் நான் செப்டம்பரைச் சொல்வேன். கின்னௌரில் ஆப்பிள் பறிக்கும் காலம், ஜூலை ஆகஸ்ட் நிலச்சரிவுத் தொல்லையும் குறைந்திருக்கும்.

திரும்பும்போது மனாலி. குன்சும் சாலை பொதுவாக ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். கட்டாயம் விடிவதற்குள் கிளம்புங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையின் குறுக்கே ஓடும் ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகிவிடும். அப்புறம் வண்டி கடக்காது. முந்தின மாலையே பேருந்து நிலையத்தில் கணவாய் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். மூடியிருந்தால் வந்த வழியே கின்னௌர் சுற்றித்தான் போக வேண்டும். அதற்காக டெல்லி ரயிலுக்கு முன்னால் மூன்று நாளாவது காலியாக வைத்து டிக்கெட் போடுங்கள்.