ரேமில் அடங்காத சிடி ஸ்கேனைத் திறந்து பார்ப்பது எப்படி?

உலோக வார்ப்பை வெட்டாமல் உள்ளே விரிசலோ காற்றுத் துளையோ இருக்கிறதா என்று பார்க்க எக்ஸ்ரே சிடி எடுக்கிறோம். கிடைப்பது வாக்சல் எனும் சின்னஞ்சிறு கனசதுரங்களின் அடுக்கு. பக்கத்துக்கு 2000 வாக்சல் என்றால் மொத்தம் 800 கோடி. ஒவ்வொன்றுக்கும் 16 பிட், அதாவது 2 பைட். ஆக 16 ஜிபி. பக்கம் இரண்டு மடங்கானால் கோப்பு எட்டு மடங்காகி 128 ஜிபியைத் தொடும். ரேமை வாங்கிப் போட்டு இதைச் சமாளிக்க முடியாது. திரைக்குத் தேவையான பகுதியை மட்டும் வட்டிலிருந்து எடுக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஃபிஜி எனும் படப் பகுப்பாய்வு மென்பொருளும் அதோடு வரும் பிக்டேட்டாவியூவர் எனும் பார்வைக் கருவியும் இதற்குப் போதும்.

படி 1: கணக்கைச் சரிபாருங்கள்

அகலம், உயரம், துண்டுகளின் (அடுக்கடுக்கான குறுக்குவெட்டுப் படங்களின்) எண்ணிக்கை, பிட் அளவு, பைட் வரிசை (இரண்டு பைட்டில் எது முதலில் வரும் என்பது) ஆகியவற்றை ஸ்கேன் குறிப்பிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் மூன்றையும் பெருக்கி, பைட் எண்ணிக்கையாலும் பெருக்கினால் கோப்பின் அளவு வர வேண்டும். கோப்பு சற்றே பெரிதாக இருந்தால், மிச்சம் பெரும்பாலும் முன்னால் இருக்கும் தலைப்புப் பகுதி.

வாக்சல் அளவும் வேண்டும். டிடெக்டர் பிக்சல் 0.2 மிமீ, உருப்பெருக்கம் 10 என்றால் வாக்சல் 0.02 மிமீ.

படி 2: ஃபிஜியில் திறப்பது

ஃபைல், இம்போர்ட், ரா என்று போய் எண்களைக் கொடுங்கள். ‘யூஸ் விர்ச்சுவல் ஸ்டாக்’ பெட்டியில் டிக் கட்டாயம். இல்லாவிட்டால் முழுக் கோப்பும் ரேமுக்குள் ஏற முயலும்.

படம் சாய்ந்து இழுபட்டால் அகலம் தவறு. பொருளின் வடிவம் மங்கலாகத் தெரிந்து, மேலெல்லாம் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருந்தால் பைட் வரிசை தவறு. ‘லிட்டில் எண்டியன்’ டிக்கை மாற்றுங்கள். பிறகு இமேஜ், பிராப்பர்ட்டீஸ் போய் வாக்சல் அளவை இடுங்கள்.

படி 3: பிரமிடு கட்டுவது

வேகத்தைத் தீர்மானிப்பது இந்தப் படிதான். கிடைத்துண்டின் தரவு வட்டில் ஒரே தொடராக இருக்கும். நெடுக்குத் துண்டு கேட்டால் 2000 துண்டுகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்க வேண்டும். தரவைச் சிறு கட்டங்களாக மாற்றி அடுக்கினால் எந்தத் திசையிலும் வேகம் ஏறத்தாழ ஒன்றே. கூடவே படிப்படியாகச் சுருக்கிய நகல்களையும் சேர்த்து வைப்பதுதான் பிரமிடு; தூரத்திலிருந்து பார்க்கச் சிறிய நகலே போதும்.

பிளகின்ஸ், பிக்டேட்டாவியூவர், ‘எக்ஸ்போர்ட் கரன்ட் இமேஜ் அஸ் எக்ஸ்எம்எல்/ஹெச்டிஎஃப்5’ தேர்ந்தெடுங்கள். சுருக்க அளவுகளை 1, 2, 4, 8 என மூன்று திசைக்கும் கொடுங்கள். எத்தனை நிலையோ அத்தனை கட்ட அளவுகளும் எழுத வேண்டும். 8ஆம் மடங்குச் சுருக்கத்தில் 2000 என்பது 250 ஆகிவிடும், சுமார் 31 எம்பிதான். சுருக்கிய நிலைகள் எல்லாம் சேர்ந்தும் மூலத்தில் ஏழில் ஒரு பங்கைத் தாண்டாது. எஸ்எஸ்டியில் எழுதுங்கள், மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

படி 4: பார்ப்பது

ஷிஃப்ட்டோடு எக்ஸ், ஒய், இசட் அழுத்தினால் தளம் மாறும். எஸ் அழுத்திப் பொலிவைச் சரிசெய்யுங்கள். அலுமினியத்துக்குள் ஒரு கனமான உலோகத் துணுக்கு இருந்தால் அதுவே அதிகபட்ச மதிப்பாகி மற்றதெல்லாம் கருத்துவிடும்; மேல் எல்லையை இறக்குங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சுருக்கிய நிலை என்பது அக்கம்பக்கத்து வாக்சல்களின் சராசரி. ஒரு வாக்சல் தடிமனுள்ள விரிசல் 8 மடங்குச் சுருக்கத்தில் எட்டில் ஒரு பங்கு வேறுபாட்டோடுதான் தெரியும். ஒற்றை வாக்சல் துளையோ 512இல் ஒரு பங்குக்கு மங்கிவிடும். தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ‘குறையில்லை’ என்று எழுதவே கூடாது. சந்தேக இடங்களைப் பெரிதாக்கி முழுத் தெளிவில் பாருங்கள்; ஐ விசையால் இடைச்செருகலை (வாக்சல்களுக்கு இடையே மதிப்பை ஊகித்து நிரப்புவதை) நிறுத்தினால் உண்மையான வாக்சல்கள் தெரியும்.

சுழற்சி அச்சைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிபவை டிடெக்டர் கோளாறு, விரிசல் அல்ல. ஓரம் வெளுத்து நடு கருத்திருந்தால் கற்றை கடினமாதல், அதாவது எக்ஸ்ரேயின் குறைந்த ஆற்றல் பகுதி பொருளில் முதலிலேயே உறிஞ்சப்படுவதால் வரும் கோளாறு. அங்கே ஒரே வரம்பு மதிப்பை வைத்துத் துளைகளைப் பிரித்தால் நடுப்பகுதி முழுக்கப் பொய்த் துளைகள் விழும்.

படி 5: முப்பரிமாணம்

முழுத் தரவையும் முப்பரிமாணத்தில் சுழற்ற ஆசைப்படாதீர்கள். விர்ச்சுவல் ஸ்டாக்கில் சந்தேக இடத்தைச் சுற்றிக் கட்டமிட்டு, டூப்ளிகேட்டில் துண்டு எல்லையும் கொடுத்து 400 வாக்சல் பக்கமுள்ள பெட்டியாக வெட்டுங்கள். 128 எம்பிதான் வரும். 3டி வியூவருக்கு 8 பிட் வேண்டும். 65,536 சாம்பல் நிலைகள் 256 ஆகச் சுருங்குவதால், முதலில் பொலிவு எல்லைகளைத் துளையின் மதிப்புக்கும் உலோகத்தின் மதிப்புக்கும் நெருக்கி வைத்துவிட்டு மாற்றுங்கள். நீளம், பருமன் அளவுகளை மட்டும் 16 பிட் மூலத்திலேயே எடுங்கள்.