பாஸ்கா இரவின் ஒளி வழிபாட்டுக்கு ஆயத்தம் செய்யும் முறை

குமரி மாவட்டத்துப் பங்குகளில் உயிர்ப்புப் பெருவிழாத் (ஈஸ்டர்) திருவிழிப்புக்கான, அதாவது முந்தின இரவு வழிபாட்டுக்கான, பொறுப்பை ஏற்கும் அன்பியத்தார் (பங்கிலுள்ள சிறு குடும்பக் குழுவினர்), மெழுகுதிரியையும் தீயையும் பற்றி யோசிப்பதற்கு முன் இருளுக்கு வழிசெய்ய வேண்டும். இருட்டிய பின்னரே வழிபாட்டைத் தொடங்க வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. ஆலயத்துக்குள் விளக்குகளை அணைத்துவிட்டு முற்றத்தில் சீரியல் விளக்குகளை எரியவிட்டால், பவனியில் வரும் ஒற்றைச் சுடர் எதையும் உணர்த்தாது. ஆகவே கெபி (புனிதர் சிலை வைத்த சிறு குகைக்கூடம்), கொடிமரம், கோபுரம் ஆகியவற்றின் விளக்குகளையும் அணைப்பதற்கு ஒருவரைத் தனியே நியமியுங்கள்.

தீயின் பிழம்பு இருளை உண்மையாகவே அகற்றும்படி இருக்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு வத்திக்கான் வெளியிட்ட பாஸ்கா வழிபாட்டு மடல் கூறுவதால், தட்டில் கொளுத்தும் கற்பூரம் போதாது. குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் காற்று மறைவான பக்கத்தில் இரும்புச் சட்டியை வைத்து, அடியில் உலர்ந்த சிரட்டையையும் மேலே கொதும்பையும் (தென்னம்பாளை மடல்) அடுக்கி, சற்று முன்னதாகவே பற்றவையுங்கள். சிரட்டைக் கனல் நின்று எரியும். தூபக்கலசத்துக்கும் அதிலிருந்தே கங்கு எடுக்கலாம். மண்ணெண்ணெய் வேண்டாம், அதன் நாற்றம் சாம்பிராணியின் மணத்தைக் கெடுத்துவிடும்.

இத்தீயிலிருந்து ஏற்றிப் பவனியில் கொண்டுவரும் பாஸ்கா திரி மெழுகால் ஆனதாகவும் ஆண்டுதோறும் புதியதாகவும் இருக்க வேண்டும். பழைய திரியில் ஆண்டை மட்டும் மாற்றி எழுதுவது முறையன்று. சிலுவையின் மேலே ஆல்பா, கீழே ஒமேகா, நான்கு மூலைகளில் நடப்பு ஆண்டின் நான்கு இலக்கங்கள், கிறிஸ்துவின் ஐந்து காயங்களைக் குறிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகள் ஆகியவற்றைக் குரு பொருத்துவார். மணிகள் நுழைவதற்கான துளைகளைச் சூடான ஊசியால் முற்பகலிலேயே இட்டு வைத்தால், இருட்டில் தடுமாற நேராது.

'கிறிஸ்துவின் ஒளி இதோ' என்னும் அழைப்பு வாசலிலும், ஆலய நடுவிலும், பீடத்தின் முன்னும் பாடப்படும். இரண்டாம் அழைப்புக்குப் பின்னரே மக்கள் தங்கள் திரிகளை ஏற்ற வேண்டும். இஸ்ரயேல் மக்கள் நெருப்புத்தூணைப் பின்தொடர்ந்தது போலவே இப்பவனி அமைவதால், பாஸ்கா திரிக்கு முன்னால் வேறு எந்தத் திரியும் எரிந்துகொண்டு செல்லக் கூடாது. ஒருவர் திரியிலிருந்து மற்றவர் ஏற்றும்போது, ஏற்றப்படாத திரியைத்தான் சாய்க்க வேண்டும். எரியும் திரியைச் சாய்த்தால் உருகிய மெழுகு கையில் வடியும் என்பதைச் சிறுவர்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். மூன்றாம் அழைப்புக்குப் பின் ஆலய விளக்குகளை ஏற்றலாம். பீடத் திரிகளோ 'உன்னதங்களிலே' என்னும் புகழ்ப்பா பாடப்படும்போதுதான் ஏற்றப்படும்.

பெந்தக்கோஸ்து வரை பீடத்தருகே நிற்கும் பாஸ்கா திரியை அதன்பின் திருமுழுக்குத் தொட்டியின் அருகே வைத்து, குழந்தைகளின் திருமுழுக்குத் திரிகளை அதிலிருந்தே ஏற்றுங்கள். அடக்கத் திருப்பலியின்போது அதையே சவப்பெட்டியின் அருகில் நிறுத்துங்கள்.