ரத்தக்காட்டேரி அரசனை நாவலில் எழுதுவது எப்படி?

சிதறிக் கிடக்கும் ரத்தக்காட்டேரிக் குலங்களை ஓர் அரசன் ஒன்றுசேர்க்கும் கதையா? அரியணையை அப்புறம் பார்க்கலாம், முதலில் ரத்தக் கணக்கைப் போடுங்கள். வளர்ந்த மனித உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். ரத்ததானத்தில் ஒரு தடவைக்கு 450 மில்லி வரை எடுத்து, அடுத்த தானத்துக்கு ஏறக்குறைய 3 மாதம் இடைவெளி விடுவார்கள். உங்கள் காட்டேரி யாரையும் கொல்லாமல் இரவுக்கு 450 மில்லி குடித்தால் அதற்கு மட்டும் 90 பேர் வேண்டும். 30 காட்டேரிகள் உள்ள குலத்துக்கு 2,700 பேர். வேட்டை எல்லைச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. இந்த எண்ணோடு ஒரு வரைபடம் போட்டால், யார் யாருடைய எல்லையில் கைவைப்பார்கள் என்பது தானே தெரிந்துவிடும்.

அடுத்தது வெயில். 1897இல் வந்த 'டிராகுலா' நாவலில் டிராகுலா என்ற காட்டேரி பகலிலும் நடமாடுவான். வெயில் பட்டு அழிவது 1922இன் 'நொஸ்ஃபெராட்டு' படத்தில் வந்தது. வெயில் கொல்லும் என்று வைத்தால் தூதும் படையெடுப்பும் கோடையின் குட்டை இரவுகளுக்குள் முடிந்தாக வேண்டும். ஒரே விதியைக் கடைசிவரை பிடியுங்கள்.

பலர் சறுக்குவது, ஒரு வீர உரைக்கே எல்லாத் தலைவர்களும் மண்டியிடும் காட்சியில். நம்பவே முடியாது. ஒவ்வொரு தலைவருக்கும் இணைந்தால் கிடைப்பது ஒன்று, இழப்பது ஒன்று என எழுதி வையுங்கள். மூத்தவர்கள் சாவதில்லை என்பதால் இளையவர்களுக்குப் பதவியே வராது; கலகம் அங்கிருந்து கிளம்பட்டும்.