கோத்தகிரி மழைக்கு ஒரு விறகு ஸ்டாண்டு

தேயிலைத் தொழிற்சாலையில் ஹீட்டருக்கு விறகு தள்ளிய ஆள் நான். ஈர விறகைப் போட்டால் கட்டைக்குள் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். புகை மண்டும், புகைபோக்கியில் கரி பிசினாக ஒட்டும். வீட்டில் வெந்நீர் அடுப்புக்கும் இதே கதைதான். பச்சைக் கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது இருபது சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் ஒழுங்காக எரியும்.

விறகின்மேல் தார்ப்பாயைப் போர்த்தி நான்கு பக்கமும் கல் வைத்து அழுத்துகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். உள்ளே இருக்கும் ஈரம் எங்கே போகும்? பாயின் அடியில் வியர்த்துக் கட்டையிலேயே சொட்டும், நாலு வாரத்தில் பூஞ்சை. மேலே கூரை, கீழே இடைவெளி, பக்கவாட்டில் காற்று. விறகுக்கு வேண்டியது இவ்வளவுதான். சாரலில் மேலாக நனைந்தது ஒருநாள் காற்றில் உலர்ந்துவிடும்.

முதலில் திசை. கோத்தகிரி இருப்பது நீலகிரி மலையின் கிழக்குச் சரிவில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் எங்களை அடிக்கிறது. அதனால் ஸ்டாண்டின் முதுகு வடகிழக்கிலும் திறந்த முகம் தென்மேற்கிலும் இருக்க வேண்டும். மழை விட்ட பிறகு வரும் பனிக்கால மதிய வெயிலும் முகத்தில் விழும். மலையின் மேற்கே கூடலூர் பக்கம் இருப்பவர்கள் அப்படியே திருப்பிப் போடுங்கள், அங்கே ஜூன் மாத மேற்குக் காற்றுதான் வில்லன். வீட்டுச் சுவரோடு ஒட்ட வைக்காதீர்கள். கறையான் விறகில் ஏறி அப்படியே ஜன்னல் கட்டைக்கு வந்துவிடும்.

என்னுடையது எட்டு அடி நீளம், இரண்டு அடி ஆழம், நாலு அடி உயரத்துக்கு அடுக்கலாம். பச்சைக் கட்டையாக நிரப்பினால் பாரம் ஒரு டன்னைத் தொடும். எனவே அடித்தளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மண்ணைக் கெட்டித்து, ஜல்லி கொட்டி, அதன்மேல் ஆறு சாலிட் பிளாக் (கான்கிரீட் கல்): முன்வரிசையில் மூன்று, பின்வரிசையில் மூன்று. மட்டம் பார்த்து வையுங்கள். பிளாக்கின் மேல் தார் ஷீட் துண்டு ஒன்று, அதற்குமேல் நாலுக்கு இரண்டு அங்குலச் சட்டம் நீளவாக்கில் இரண்டு. அவற்றின் குறுக்கே ரீப்பர்களை (ஒல்லி மரப்பட்டிகளை) இரண்டு அங்குலம் விட்டு விட்டு ஆணி அடித்தால் தளம் தயார். தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே முக்கால் அடியாவது இருக்கட்டும். குனிந்து பார்த்தால் மறுபக்கம் தெரிய வேண்டும்.

கால்களை மண்ணில் புதைக்காதீர்கள். எவ்வளவு தார் பூசினாலும் மண்மட்டத்தில்தான் முதலில் உளுக்கும். அடிச்சட்டத்தின் வெளிப்பக்கம் போல்ட் போட்டு முடுக்குங்கள். முன்கால் தளத்திலிருந்து ஐந்தரை அடி, பின்கால் ஐந்து அடி. அந்த அரையடிச் சரிவு போதும், தண்ணீர் முதுகுப் பக்கம் ஓடிவிடும். முதுகில் மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் ஒன்று கட்டாயம். எங்கள் தோட்டத்துக்குக் காட்டுமாடு வரும். அது முதுகு சொறிந்துகொள்ள நல்ல தூணாகப் பார்த்துத்தான் வருகிறது. பக்கங்களில் கட்டை சரியாமலிருக்க நெடுக்காக மூன்று ரீப்பர், முதுகில் அரை அங்குல இடைவெளியோடு படுக்கைவாட்டில் ரீப்பர்.

கூரைக்கு மூன்றரை அடி அகல கலர் ஷீட் மூன்று, ஒவ்வொன்றும் நாலடி நீளம். முன்பக்கம் ஒன்றேகால் அடியும் பின்பக்கம் முக்கால் அடியும் வெளியே நீள வேண்டும். திருகாணியை ஷீட்டின் மேட்டில் ரப்பர் வாஷரோடு போடுங்கள். பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே ஓட்டை போட்ட மாதிரி. ஒரு ஷீட் அடுத்ததன்மேல் ஏறும் விளிம்பு காற்று வரும் திசையைப் பார்க்கக் கூடாது.

இனி விறகு. சொந்த நிலமானாலும் மலையில் மரம் வெட்ட அனுமதி வேண்டும், 1955லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. அதனால் நான் விறகு டெப்போவில் ரசீதோடுதான் வாங்குகிறேன். கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, பச்சையிலேயே பிளந்துவிடுங்கள். காய்ந்தால் அதன் முறுக்கிய நாரில் கோடரி சிக்கிக்கொள்ளும். சீகை (வாட்டில் மரம்) நல்ல தணல் கொடுக்கும். சில்வர் ஓக் சீக்கிரம் எரிந்து தீரும், பற்றவைக்க வைத்துக்கொள்ளலாம். கவாத்து அடித்த தேயிலை மிளாரும் அதற்கு ஆகும், ஆனால் அதைத் தனியாகக் கட்டி வையுங்கள்.

பிப்ரவரி, மார்ச் வெயிலில் அடுக்கினால் பெரும்பாலும் நவம்பருக்கு எரிக்கலாம். தடித்தவை கீழே, மேல்வரிசையில் பட்டை வானத்தைப் பார்க்க வேண்டும். நெருக்கி அடைக்காதீர்கள். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையை மோதுங்கள்: காய்ந்தது டங்கென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று. வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானே கழன்று வரும்.

பழையதை இடப்பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டே வாருங்கள், புதியது வலப்பக்கம். இருட்டில் கையை விடாதீர்கள். இடுக்கில் தேள் இருக்கும், எப்போதாவது பாம்பும். டார்ச் அடித்து, கட்டையை ஒருமுறை தட்டிவிட்டு எடுங்கள். கட்டை காயக் காயச் சுருங்கி அடுக்கு ஒருபக்கம் சாயும், அப்போது பிரித்து அடுக்கிவிட்டு போல்டுகளையும் ஒரு சுற்று முடுக்கிவிடுங்கள்.