யாழ்ப்பாணத்து வீடொன்றின் பழைய கணக்குக் கொப்பியையும் இன்றைய செலவையும் ஒப்பிடும்போது விடும் பிழைகள்

முதற்பிழை, ரூபாவை ரூபாவோடு ஒப்பிடுவது. 1985இன் ஆயிரம் ரூபாவுக்கும் இன்றைய ஆயிரத்துக்கும் பெயர் மட்டுமே ஒன்று. பங்கைப் பாருங்கள்: சாப்பாட்டுச் செலவை மொத்தச் செலவால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வீட்டு வருமான, செலவின ஆய்வில் இலங்கை முழுவதற்கும் இது ஏறத்தாழ 35 வீதம்.

வீட்டைச் சுற்றியுள்ள காணியான வளவு இந்தப் பங்கையும் குழப்பிவிடும். தேங்காய், முருங்கைக்காய், ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு), பால் எல்லாம் வளவிலிருந்து வந்த காலத்தில் அவை கொப்பியில் ஏறவே இல்லை. வளவைப் பிரித்துச் சீதனமாக எழுதி, தென்னையைத் தறித்து வீடு கட்டியபின் மாதம் 30 தேங்காய் கடையில் வாங்க வேண்டும். தேங்காய்ச் செலவு கூடிவிட்டதாகக் கொப்பி சொல்லும். சம்பலுக்கும் சொதிக்கும் போனது என்னவோ அதே 30தான். திணைக்களம் சொந்த விளைச்சலையும் சந்தை விலையில் மதிப்பிட்டுச் சேர்க்கிறது. நீங்களும் எண்ணிக்கையை அந்த வருடத்துச் சந்தை விலையால் பெருக்கி வரவு, செலவு இரண்டிலும் எழுதுங்கள். செலவில் மட்டும் எழுதினால், இல்லாத பற்றாக்குறை ஒன்று முளைக்கும்.

அடுத்தது அடிப்படை வருடம், அதாவது ஒப்பிட எடுக்கும் பழைய வருடம். 1990களின் முற்பகுதியை எடுத்தால் கணக்கே கோணலாகும். யாழ்ப்பாணத்துக்கு யுத்தகாலப் பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, ஜாம் போத்தலில் திரிவிளக்கு, மண்ணெண்ணெய் கொழும்பு விலையைவிடப் பல மடங்கு. பிற்காலத்தில் எரிபொருள் செலவு குறைந்ததுபோல் தெரிந்தால், மாறியது பழக்கமல்ல, பாதை. யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 நெடுஞ்சாலை 2002இல் திறந்து, 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு, 2009இல் மறுபடி திறந்தது. மூடிய வருடங்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். அந்தக் காலத்துக்குக் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைப் பிடிக்கவேண்டாம், அது கொழும்பு விலைகளில் கட்டியது. 1990/91 தேசிய ஆய்வில் வடக்கு கிழக்கு சேரவும் இல்லை. 2022ஐயும் ஒதுக்கி வையுங்கள்: செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது.

நல்லூர்த் திருவிழா மாதத்தையோ அந்தியேட்டி (இறந்தவருக்கான கிரியை) மாதத்தையோ மாதிரியாக எடுக்கவேண்டாம். 12 மாதத்தையும் கூட்டி 12ஆல் வகுங்கள். ஏழு பேர் இருந்த வீட்டில் இப்போது மூவர் என்றால் ஆளுக்கு எவ்வளவு என்ற தலைக்கணக்கும் போடவேண்டும். கனடாவிலிருந்து மகன் நேரே கட்டிவிடும் மின்கட்டணமும் வீட்டுச் செலவுதான், இப்போதெல்லாம் அதிகம் விடுபடுவது இதுதான். அடைவு வைத்த நகையை மீட்பதில், கடனாக வாங்கிய முதல் செலவல்ல, வட்டி மட்டுமே செலவு. முதலையும் சேர்த்தால், அந்தக் காசில் முன்பு வாங்கிய விதைவெங்காயம் இரண்டு தடவை கணக்கில் வரும்.